வெறும் சுற்று

மைதா வேகிற வாசம். சந்து முனையில் போஸ்டர் ஒட்டுகிறவர் மூன்று செங்கல்லைக் கூட்டி, தகர டின்னில் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார். காலை ஏழு மணி. பால் பாக்கெட் வாங்கப் போன நான் அங்கேயே நின்றுவிட்டேன். வெள்ளைக் குழம்பின் நடுவில் ஒரு குமிழ் எழும்பியது, உடைந்தது, மறுபடி எழும்பியது. இருபத்தாறு வருடம் நான் தினமும் பார்த்த குமிழ். ஆனால் வாசத்தில் ஏதோ குறைந்தது. என்ன காணோம், என்ன காணோம் என்று மூக்கு தேடியது.

“ஏனுங்க, லவங்கம் போடலீங்களா?” வாய் தானாகக் கேட்டுவிட்டது.

அவர் கிண்டுவதை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். “லவங்கமா? பிரியாணியா பண்றேன் நானு? துத்தம் போட்டிருக்குதுங்க. இல்லாட்டி மாடு வந்து தலைவரை முழுசாத் தின்னுபோட்டுப் போயிரும்.”

என் பசையில் துத்தம் சேர்த்ததில்லை. அது விஷம், குழந்தைகள் விரலை வாயில் வைப்பார்கள். பூச்சி அண்டாமலிருக்க நான்கு லவங்கத்தைத் தட்டிப் போடுவேன். அந்த வாசம் என் சட்டையில், வண்டிப் பெட்டியில், சாப்பாட்டுத் தூக்கில் எல்லாம் ஏறியிருந்தது. “பல்லுவலிக்காரன் மாதிரி மணக்குறீங்க” என்பாள் மனைவி. அவளுக்குத் தெரியாது, வலி பல்லில் இல்லை என்று.

அன்று பத்து மணிக்கு சௌமியா போன் செய்தாள். குழந்தைகள் மையங்கள் நடத்துகிற, நான் வேலை பார்த்த அறக்கட்டளையில், என் இடத்துக்கு வந்திருக்கும் பெண். ஆண்டு மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு ஒரு கட்டுரை தரவேண்டுமாம்.

“ஜாலியா ரெண்டு பக்கம் போதுங்க சார். புள்ளைங்க பண்ணுன குறும்பு, நீங்க செய்யற பேப்பர் மயிலு, அந்த மாதிரி. புதுசா வந்தவங்களுக்கு உற்சாகமா இருக்கும்ங்க.”

“தட்டு விளையாட்டு இன்னும் நடக்குதா அம்மணி?”

“அதெல்லாம் டேப்லெட்டுக்கு மாத்தியாச்சுங்க சார். ஆளுக்கு ஒன்னு. திரையில பன்னண்டு பொருள் வரும், ஒன்னு மறையும். எதுன்னு கீழ இருக்கற படத்துல தொட்டா நட்சத்திரமாக் கொட்டும். மார்க்கும் அதுவே போட்டுக்கும்.”

“ஒன்னுமே மறையாத சுற்று வருமா அதுல?”

சௌமியா சிரித்தாள். “அதெப்படிங்க சார்? ஏதாச்சும் மறைஞ்சாத்தானுங்க விளையாட்டு?”

எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுதிக்கொண்டிருப்பது இது. மலருக்கு ஆகாது என்று தெரியும். உற்சாகம் வேண்டுகிறவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அடுத்த பக்கத்தில் யாராவது மயில் செய்திருப்பார்கள்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. அதற்கு முன் ஒரு பைண்டிங் கடையில் நோட்டுப் புத்தகம் தைத்துக்கொண்டிருந்தேன். காகிதம் பழகியவன் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள், போனேன். ஆறு வாரம். மடிப்பு, ஒட்டு, களிமண், முகமூடி, விரல் பொம்மை. கடைசி வாரம் ஞாபக விளையாட்டு. ஏழாவது வாரம் திங்கட்கிழமை முப்பது குழந்தைகள் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். புதன்கிழமைக்குள் எனக்குப் ‘பேப்பர் சார்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அரசிதழில் வந்த பெயரைப்போல அது கடைசிவரை நிலைத்தது.

எங்கள் மேலாளர் சுலோச்சனா மேடம். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. மையத்துக்கு வந்தால் செருப்பை வாசலில் கழற்றி, இரண்டின் நுனியும் ஒரே கோட்டில் நிற்கும்படி காலால் சரி செய்துவிட்டுத்தான் உள்ளே வருவார். நாற்காலி போட்டால் உட்காரமாட்டார். தரையில், குழந்தைகளின் வட்டத்துக்குள் சம்மணமிடுவார். கழுத்தில் வெள்ளை நாடாவில் ஒரு ஸ்டாப் வாட்ச். அதன் பீப் சத்தம் பிள்ளைகளைக் கலைக்கும் என்று ஒலி வருகிற துளையின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருப்பார். மூன்று வயதுக் குழந்தையையும் ‘ங்க’ போட்டுத்தான் அழைப்பார். “மூக்கைத் தொடைச்சுக்கங்க கண்ணு.” ஒருவரை வேலையிலிருந்து நீக்கும்போதும் அதே ‘ங்க’. எங்கள் ஊர் மரியாதையில் இத்தனை கூர் உண்டு என்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன்.

தட்டு விளையாட்டை அவர் எனக்குச் சொல்லித் தந்தது இப்படி.

தாம்பாளத்தின் எவர்சில்வர் தெரியக்கூடாது, பளபளப்பு கண்ணை இழுக்கும். அதனால் அடியில் கறுப்புத் துணி. மேலே பன்னிரண்டு பொருள். சீப்பு, பம்பரம், புளியங்கொட்டை, சோழி, பொத்தான், நூல்கண்டு, சாவி என்று வீட்டில் கிடக்கிறவை. இருபது எண்ணும்வரை பிள்ளைகள் பார்க்கலாம். பிறகு சென்னிமலைத் துண்டு ஒன்றை இரண்டாக மடித்து மூடவேண்டும். ஒற்றைத் துணியென்றால் உள்ளே கை அசைவது வெளியே தெரியும். ஒன்றை எடுக்கும்போது வேறு மூன்றைத் தொட்டு நகர்த்தவேண்டும், சத்தத்தை வைத்து எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பார்கள். எடுத்த இடத்தில் பள்ளம் தெரியாதபடி மற்றவற்றைத் தள்ளிவிட வேண்டும். துணியை நம் பக்கமாக இழுத்துத் திறக்கவேண்டும். “என்ன காணோம்ங்க?” என்று கேட்கவேண்டும். பதில் சொல்லப் பதினைந்து நொடி.

“முக்கியமா ஒன்னு சார்” என்றார் அன்று. “எடுத்த இடத்தை நீங்க பாக்கக்கூடாது. புள்ளைங்க தட்டைப் பாக்காதுங்க. உங்க மூஞ்சியைத்தான் பாக்கும்.”

இதை நான் ஒரு பாடமாகக் கேட்டு, தலையாட்டி, நோட்டில் எழுதிக்கொண்டேன். வாழ்க்கையில் சில வாக்கியங்களை நாம் எழுதித்தான் வைத்துக்கொள்கிறோம். படிப்பது பிறகுதான்.

வெறும் சுற்று என்பதை முதலில் பார்த்தது சென்னிமலையில். தறிக்காரர் பிள்ளைகள் இருபது பேர், தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி எல்லோருக்கும் மைக் முழுங்கிய தொண்டை. மேடம் துணியை மூடினார். உள்ளே கையை விட்டார், கிணிகிணி என்று சத்தம் எழுப்பினார், கையை வெளியே எடுத்தார். எதையும் எடுக்கவில்லை. துணியை இழுத்தார்.

“என்ன காணோம்ங்க?”

“சீப்பு!” “பம்பரம்!” “சோழி, சோழி!” ஆளுக்கொரு பொருளைக் கத்தினார்கள். கண்ணுக்கு எதிரே சீப்பு கிடக்கிறது, சீப்பைக் காணோம் என்கிறான் ஒருவன். தட்டிலேயே இல்லாத மிட்டாயைக் காணோம் என்றான் இன்னொருவன். அவனை இன்றும் நான் மதிக்கிறேன். ஓரத்தில் ஒரு பெண் மட்டும் விரல்விட்டு எண்ணி முடித்து, சந்தேகத்தோடு எழுந்து நின்றாள்.

“எல்லாம் அங்கதானுங்க இருக்குது.”

மேடம் அவள் கன்னத்தைத் தொட்டார். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் என்னிடம் சொன்னார்: “பெரியவங்க ‘என்ன காணோம்’னு கேட்டா ஏதோ காணாமப் போயிருக்கணும்னு புள்ளைங்க நம்பிப்போடும் சார். நம்ம கேள்வியை நம்பாம சொந்தக் கண்ணை நம்பற புள்ளை எதுன்னு பாக்கத்தானுங்க வெறும் சுற்று.”

நல்ல அறிவு அது. இன்றைக்கும் அதில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்த அறிவை வைத்துத்தான் என்னையும் அவர் பிடித்திருக்கவேண்டும். பிடிக்கவில்லை. அதுதான் கதை.

பதினான்காவது வருடம் என்னைக் கோட்டைமேட்டு மையத்துக்கு மாற்றினார்கள். நாற்பது குழந்தைகள், எல்லோருக்கும் ஐந்தும் ஆறும் வயது. அங்கே விளையாட்டுக்குப் பின்னால் ஒரு கதவு இருந்தது. அறக்கட்டளையின் பள்ளியில் முதல் வகுப்புக்கு அந்த மையத்திலிருந்து இருபது பேரை எடுப்பார்கள். எடுத்தால் பன்னிரண்டாவதுவரை கட்டணமில்லை. வருடக் கடைசியில் பத்துச் சுற்றுத் தட்டுச் சோதனை, குழந்தைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து. ஆறு சரியாகச் சொன்னால் இடம். எந்தச் சுற்றில் எதை எடுப்பது என்ற வரிசைத்தாளை மேடம் எழுதி அனுப்புவார்; நான் அதை மையத்து பீரோவில் பூட்டி வைப்பேன். பெற்றோர் தாளைப் பார்த்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது தெரிந்தால் இடம் கிடையாது. இப்படி விதி.

நஸ்ரின் அங்கேதான் வந்தாள். ஆறு வயது, இரண்டு பக்கமும் இறுக்கிப் பின்னிய சடை, பேச்சே கிடையாது. ஊமை இல்லை, கேட்டால் பதில் சொல்வாள், ஆனால் கேள்வி கேட்டவர் கேட்டதை மறந்துபோன பிறகு. அவள் அத்தா இஸ்மாயில் பாய், உக்கடத்தில் பெரிய கறுப்புக் குடைக்கு அடியில் சாவி போடுகிறவர். தொலைந்த சாவிக்கு, பூட்டை மட்டும் வைத்துக்கொண்டு சாவி செய்வார். வெற்றுச் சாவியைத் துளைக்குள் விட்டுத் திருப்பி, அதில் விழுந்த கீறலைப் பார்த்து அரத்தால் ராவி, மறுபடி விட்டு, மறுபடி ராவி. அரைமணி நேரம் ஒரு வார்த்தை பேசமாட்டார். பெண்ணுக்கு அந்த மௌனம் கைமாறியிருந்தது.

தட்டு விளையாட்டில் அவள் எப்போதும் பூஜ்யம். மற்றவர்கள் கத்துவார்கள், இவள் பார்த்துக்கொண்டிருப்பாள். பதினைந்து நொடி போய்விடும். இரண்டாவது வாரம், காகித வேலை நேரத்தில், அவள் சார்ட் அட்டையை வெட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். மழுங்கிய நுனிக் கத்திரி. நாக்கு ஓரத்தில் வெளியே வந்திருந்தது.

“என்ன கண்ணு இது?”

நீட்டினாள். சீப்பு. காலையில் நான் தட்டிலிருந்து எடுத்தது சீப்பைத்தான். “அட” என்றேன். அவள் அதில் ஒரு பல்லைப் பாதியில் வெட்டி வைத்திருந்தாள். கத்திரி நழுவிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் பொருள்களை எடுத்து வைக்கும்போதுதான் பார்த்தேன்: நான் வருடக்கணக்கில் தட்டில் வைத்துக்கொண்டிருந்த அந்தச் சீப்பில், இடமிருந்து ஏழாவது பல் பாதி உடைந்திருந்தது. எனக்கே அன்றுதான் தெரியும்.

அதன்பிறகு தினமும் செய்தாள். எதை எடுத்தேனோ அது மத்தியானம் அட்டையில் பிறக்கும். நான்கு துளைப் பொத்தானில் அடைந்துபோன ஒரு துளை. பம்பரத்தின் கோணலான ஆணி. சாவி எடுத்த நாளன்று சாவி. அதை உண்மைச் சாவியின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பள்ளத்துக்குப் பள்ளம், மேட்டுக்கு மேடு. ஒரு மயிரிழை வெளிச்சம்கூட இடையில் இல்லை. இருபது எண்ணுகிற நேரம்தான் அவள் அதைப் பார்த்திருந்தாள்.

மேடத்திடம் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

“நல்லாருக்குதுங்க” என்றார் திருப்பிப் பார்த்து. “அத்தாவுக்குச் சாவிக்கடைங்களா? அதான் கை வந்திருக்குது.”

“கை இல்லீங்க மேடம், ஞாபகம். சோதனையில இந்தப் புள்ளைக்கு மட்டும் வாயால சொல்றதுக்குப் பதிலா கத்திரி குடுத்துப் பாக்கலாமுங்களா?”

“இவங்களுக்குக் கத்திரி குடுத்தா நாளைக்கு இன்னொருத்தர் களிமண் கேப்பாங்க. மூணாவது ஆளு பாட்டாப் பாடிக் காட்டறேம்பாரு. இருபது இடத்துக்கு நாப்பது புள்ளைங்க சார். அளவு ஒன்னாத்தானுங்க இருக்கணும்.” அட்டைச் சாவியை இரண்டு விரலால் பிடித்து, மரியாதையாக என் உள்ளங்கையில் திருப்பி வைத்தார். அதே மேசையில், பேப்பர் வெயிட்டுக்கு அடியில், என்னை மையப் பொறுப்பாளராக்கும் தாள் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அதை நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

சோதனைக்குப் பத்து நாள் இருக்கும்போது பீரோவின் பூட்டு சிக்கிக்கொண்டது. நான்தான் இஸ்மாயில் பாயைக் கூட்டிவந்தேன். அவர் குத்தவைத்து உட்கார்ந்து, காதைப் பூட்டோடு ஒட்டிவைத்து, கம்பியால் ஏதோ பேசினார். ‘டக்’ என்றது. நான் கைப்பிடியை அவர் இழுப்பார் என்று நின்றேன். அவர் இழுக்கவில்லை. எழுந்து நான்கடி தள்ளிப் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

“தொறந்துக்கங்க சார்.”

“ஏன் பாய், நீங்களே தொறக்க வேண்டியதுதானுங்களே?”

“பூட்டு வரைக்குந்தானுங்க நம்ம சோலி. உள்ள இருக்கறதைப் பாக்கறவனுக்கு நாளைக்கு எவன் ஊட்டுக் கதவைக் காட்டுவான்? எங்க அத்தா காலத்துல இருந்தே இப்படித்தானுங்க.” சுவரைப் பார்த்தபடியே பேசினார். பிறகு, குரலை இறக்கி, “என்ற புள்ளை தேறிருமுங்களா சார்? பேச மாட்டேங்குது. ஆனா மக்கு இல்லீங்க.”

“மக்கா? உங்க புள்ளையா?” என்று சிரித்தேன். “நான் பாத்துக்கறேன் பாய்.”

கதவைத் திறந்தேன். மேல்தட்டில் வரிசைத்தாள் இருந்தது.

எட்டு நாள். மற்ற பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும் மத்தியான நேரத்தில், பின்கட்டுத் தண்ணீர்த் தொட்டியருகே நஸ்ரினை உட்காரவைத்தேன். பத்து விரலுக்குப் பத்துப் பொருள். கட்டைவிரல் புளியங்கொட்டை, ஆள்காட்டி சோழி, நடுவிரல் நூல்கண்டு, மோதிரவிரல் சாவி. திரும்பத் திரும்பச் சொல்லவைத்து அவள் நாக்கை வேகப்படுத்தினேன். கையால் யோசிக்கிற குழந்தையிடமிருந்து கையைப் பிடுங்கிக்கொண்டு வாயைக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் அவள் கேட்டாள். அவளாகக் கேட்ட முதல் கேள்வி. “பாக்காமச் சொன்னா அது விளையாட்டுங்களா சார்?”

“இது விளையாட்டு இல்ல கண்ணு, பரீட்சை. தட்டைப் பாத்தீன்னா யோசிப்பே, யோசிச்சா நேரம் போயிரும். துணியை எடுத்ததும் அடுத்த விரலைச் சொல்லு. அவ்வளவுதான். இது நமக்குள்ளயே இருக்கட்டும், அத்தாகிட்டக்கூட வேண்டாம்.”

அவளுக்காகச் செய்தேன் என்று பல வருடம் என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் அவளுக்காகத்தான். மிச்சம், அந்த அட்டைச் சாவியை இரண்டு விரலால் திருப்பித் தந்தவருக்கு நான் காட்டவேண்டியிருந்தது.

சோதனை நாள். மேடம் தரையில் சம்மணமிட்டார். எதிரே நஸ்ரின், புதுச் சடை, புது ரிப்பன். நான் பக்கவாட்டில், சுவரோரம். முதல் சுற்று. துணி விலகியது.

“புளியங்கொட்டைங்க.”

மேடத்தின் புருவம் உயர்ந்தது. ஒரு வருடமாக வாய் திறக்காத பிள்ளை. இரண்டாம் சுற்று. “சோழிங்க.” மூன்றாவது. துணி பாதி விலகும்போதே, “நூல்கண்டுங்க.”

பாதி விலகும்போதே. மேடம் ஒரு கணம் கையை மடியில் வைத்துக்கொண்டார். துணியை மூடினார். உள்ளே கையை விட்டார். கிணிகிணி. கையை எடுத்தார். அந்தக் கை காலியாக இருந்தது என்று எனக்குத் தெரியும். பதினான்கு வருடம் அந்தக் கையிடம் படித்தவன் நான். துணி விலகியது.

தட்டின் நடுவில் சாவி கிடந்தது.

நஸ்ரின் வாயைத் திறந்து, மூடினாள். சாவியைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரித்திருக்கலாம், தலையை அசைத்திருக்கலாம், இருமியாவது இருக்கலாம். என் முகம் அப்போது என்ன சொன்னது என்று எனக்குத் தெரியாது. அது சொன்னதை அவள் கேட்டுக்கொண்டாள்.

“சாவிங்க” என்றாள்.

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க கண்ணு.”

“சாவிங்க.”

மீதிச் சுற்றுகளுக்கும் விரல்களை வரிசையாகச் சொல்லி முடித்தாள். மேடம் அதற்குள் தன் வரிசையைக் கலைத்துவிட்டிருந்தார், ஒன்றும் பொருந்தவில்லை. “போதுங்க அம்மணி, போயி வெளியில இருங்க” என்று அனுப்பிவிட்டு, ஸ்டாப் வாட்சின் நாடாவைச் சுற்றியபடி, தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“யாரோ வரிசையைச் சொல்லிக்குடுத்திருக்காங்க சார். தாளு பீரோவுலதானுங்களே இருந்துச்சு?”

“ஆமாங்க மேடம்.”

“சாவி உங்ககிட்டத்தானுங்களே?”

அந்த இடத்தில் ஒரு பதினைந்து நொடி இருந்தது. யாரும் வாட்சை அழுத்தவில்லை. அவ்வளவு நீளமான பதினைந்து நொடியை நான் எந்தக் குழந்தைக்கும் கொடுத்ததில்லை.

“பூட்டு சிக்கிக்கிச்சுங்க மேடம்” என்றேன். “போன வாரம் ரிப்பேருக்கு அவங்க அத்தாதானுங்க வந்தாரு.”

இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் இதில் இருக்கிற அசிங்கம். பொய்யென்றால் ஒருநாள் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். உண்மையை எப்படித் திரும்ப வாங்குவது? மேடம் தலையை மெதுவாக ஆட்டினார். “அப்படீங்களா” என்றார். நஸ்ரின் பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார்.

மறுவாரம் நான் மையப் பொறுப்பாளர். மேடம் பணி முடித்துப் போன நாளில், மேடையில், நேர்மையான ஊழியர்கள் என்று நான்கு பேரைச் சொன்னார். இரண்டாவது பெயர் என்னுடையது. எழுந்து கும்பிட்டேன். அறக்கட்டளையின் அலுவலகம், பள்ளி, விடுதி எல்லாவற்றுக்கும் பூட்டு வேலை அதுவரை இஸ்மாயில் பாய்தான். அதன்பின் கூப்பிடவில்லை. காரணத்தை யாரும் கத்திச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் கத்தமாட்டார்கள். ‘அவரு வேண்டாமுங்க’ என்பார்கள், அதுவே போதும். அடுத்த வருடம் உக்கடத்தில் அந்தக் கறுப்புக் குடை இல்லை. வெள்ளகோவில் பக்கம் மனைவி ஊருக்குப் போய்விட்டார்கள் என்று டீக்கடைக்காரர் சொன்னார். ஒருமுறை பஸ் ஏறி வெள்ளகோவில்வரை போனேன். நிலையத்தில் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அந்த ஊரில் எந்தப் பூட்டுக்கடையையும் நான் விசாரிக்கவில்லை.

பிறகு பன்னிரண்டு வருடம் தட்டு வைத்தேன். அதில் சாவி வைக்கவில்லை. குழந்தைகள் துணி விலகியதும் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் ஜன்னலைப் பார்ப்பேன். ஐம்பத்துமூன்று வயதில், கண் சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கண்ணுக்கு ஒன்றுமில்லை.

சௌமியா, உங்கள் டேப்லெட்டுக்கு முகம் கிடையாது. அந்தவரைக்கும் அது என்னைவிட நல்லது. ஆனால் ஒன்றுமே மறையாத ஒரு சுற்றை அதில் வைக்கச் சொல்லுங்கள். ‘எல்லாம் இருக்கிறது’ என்று ஒரு குழந்தை தொடுவதற்கு ஒரு இடம் வேண்டும்.

கடைசியாக அவர்களை நான் பார்த்தது முடிவு சொன்ன நாளில். மேடம் இஸ்மாயில் பாயை நாற்காலியில் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், மிகவும் மரியாதையாகச் சொன்னார். தாள் பீரோவில் இருந்ததையும், பூட்டு திறக்கப்பட்டதையும், விதியையும். பாய் முழுவதும் கேட்டார். முகம் சிவக்கவில்லை, சாம்பலாகிவிட்டது.

“பூட்டைத் தொறந்தவன் உள்ள பாக்கலீங்க அம்மா” என்றார். “சாரு பக்கத்துலதானுங்க நின்னாரு. கேளுங்க.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். கதவோரம் நின்றிருந்த நஸ்ரினும் பார்த்தாள்.

“நான் வேற தாளை எடுக்கறதுல இருந்தேனுங்க” என்றேன். “கவனிக்கலீங்க.”

பாய் தண்ணீர் டம்ளரை மேசையின் நடுவுக்குத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். வாசல்வரை நான் கூடப் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது, வழியனுப்புவது பழக்கம். அவர் மொபெட்டை எடுக்கப் போனார். நஸ்ரின் படியில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டினாள். எட்டு நாள் நான் கற்றுக்கொடுத்த எதையும் அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அத்தாவின் முகம் அப்படி ஆனபோதுகூட. நமக்குள்ளேயே இருக்கட்டும் என்று நான் சொன்னதை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏறு கண்ணு, போலாம்” என்றார் பாய், வண்டியில் உட்கார்ந்தபடி. என் பக்கம் திரும்பவில்லை. “வாரேனுங்க சார்.”

அவள் எழுந்து இரண்டடி போனாள். நின்றாள். திரும்பி என்னிடம் வந்து, அத்தாவுக்குக் கேட்காத சின்னக் குரலில், எனக்கு ஏதோ தெரியாமல் போய்விட்டது போலவும் அதைச் சொல்லித் தருவது போலவும் சொன்னாள்:

“சாவி தட்டுலயேதானுங்க இருந்துச்சு சார்.”